எடைக்கேற்ற காற்று

சாலையில் ஓடும் கார்களைத் தாங்கி நிற்பது ரப்பர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் பெரும் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே. டயர் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை எனலாம். ஆகவே பாரம் மாறினால் காற்றின் அளவும் மாறவேண்டும் அன்றோ? மிக இலேசான கார் ஒன்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற பொறியாளர் 1957ஆம் ஆண்டு ‘லோட்டஸ் செவன்’ என்னும் சிறு காரை வெளியிட்டார். முழுக் காராக வாங்கினால் அந்நாட்டில் அக்காலத்தில் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. எனவே பலர் அதனைப் பாகங்களாகவே வாங்கினர். இவ்வகை வண்டிக்குக் ‘கிட் கார்’ என்று பெயர். 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் இதன் உரிமையைப் பெற்றது; இன்றும் அவ்வகைக் கார்களைச் செய்து வருகிறது. இக்காரின் எடை ஏறக்குறைய 500 கிலோதான்.

கொட்டகையில் தன் கையாலேயே காரைப் பூட்டி முடித்தவனுக்கு ஒரு கேள்வி எழும்: காற்று எவ்வளவு அடிப்பது? அண்டை வீட்டுக் காருக்குச் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்றால் இதற்கும் அதுவே போதாதா?

போடுவோம் ஒரு கணக்கு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு. 32 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள சாதாரணக் காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோ. அச்சக்கரம் தரையைத் தொடும் பரப்பு சுமார் 133 சதுர சென்டிமீட்டர். ஓட்டுநரோடு 600 கிலோ உள்ள சிறு காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 150 கிலோவே. அதே 32 பவுண்டு அடித்தால் தரையைத் தொடும் பரப்பு 67ஆகச் சுருங்கிவிடும். அதாவது ஒரு பக்கம் எட்டு சென்டிமீட்டர் உள்ள சிறு சதுரம்! 20 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 107ஆக விரிகிறது. டயரின் பக்கச் சுவரும் சிறிது பாரம் தாங்குவதால் இது தோராயக் கணக்கே. எனினும் இத்தகைய கார்களுக்கு 20 பவுண்டை ஒட்டிய அளவுகள் வழக்கில் இருப்பதன் காரணம் இதில் விளங்கும்.

“உராய்வு பரப்பைப் பொறுத்ததன்று என்று படித்தோமே?” என இயற்பியல் நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவ்விதி கடினமான பொருள்களுக்கு ஓரளவு பொருந்தும். ரப்பரோ மென்மையானது. அதன் மீது அழுத்தம் மிகுந்தால் உராய்வுக் கெழு குறைகிறது. ஆகவே பரப்பு சுருங்கினால் பிடிப்பும் குறையும். மேலும் கல்லாய் இறுகிய டயர் மேடுபள்ளங்களில் துள்ளும். இலேசான வண்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். “அண்ணே, கல்லு மாதிரி அடிங்க” என்று கேட்டு வருவோர் அநேகர். “வண்டிக்குத்தான் காத்து, உங்க வாய்க்கு இல்ல” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் பதில். மேற்சொன்ன சூத்திரத்தின் பொருள் அந்தப் பதிலுக்குள் அடங்கியிருப்பதைக் கல்லூரிக்கு வந்த பின்பே உணர்ந்தேன்.

அப்படியானால் குறைத்துக்கொண்டே போகலாமா? கூடாது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும். ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி உடனே திரும்பாது. கடும் வளைவில் டயர் ரிம்மை விட்டு நழுவவும் கூடும். மழையில் இன்னோர் ஆபத்து உண்டு. டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் ஏறத்தாழ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காற்று குறைந்தால் அவ்வேகமும் குறையும். எனவே இலேசான காரை ஓட்டுவோர் மழையில் நிதானமாகச் செல்லவேண்டும். டயரின் பள்ளங்கள் தேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, சரியான அளவைக் காணும் முறையைப் பார்ப்போம். கார் செய்தவர் தந்த குறிப்பேட்டின் அளவில் தொடங்குக. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச வரம்பே தவிர அடிக்க வேண்டிய அளவு அன்று. ஓட்டுநர் அமர்ந்திருக்க, நான்கு சக்கரங்களின் பாரத்தையும் தனித்தனியே நிறுத்தறிக. 70 கிலோ மனிதர் 1,200 கிலோவில் சிறு பங்கு. 600 கிலோவில் அது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. பின்பு டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நேர்சாலையில் சிறிது தூரம் ஓட்டுக. கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒவ்வொரு முறையும் ஓரிரு பவுண்டு மட்டுமே மாற்றுக.

அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போதே. மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே. ஆகவே 20 பவுண்டு என்பது மெய்யாக 34.7 பவுண்டு. ஓடி ஓடி உட்காற்றின் வெப்பநிலை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு உயர்ந்தால், கெல்வின் அளவில் 300 என்பது 330 ஆகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறி 38.2 ஆகும், மானி 23.5 காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாட் காலையில் டயரில் காற்று போதாமல் இருக்கும்.

முடிவாக ஒன்று. அடுத்த வண்டியின் எண் நம் வண்டிக்கு ஆகாது. தன் எடையை நிறுத்தறிந்து, தன் டயரைப் பார்த்து, தானே அளந்து கண்ட எண்ணே பாதுகாப்பான எண். பெட்ரோல் பங்கில் அடுத்த முறை “எவ்வளவு அடிக்கட்டும்?” என்று கேட்கும்போது, நண்பர்களே, “வழக்கம்போல” என்று சொல்லிவிடாதீர்கள்.