கடுங்குலுக்கல் (தானுந்து)

கடுங்குலுக்கல் என்பது சாலையின் மேடுபள்ளங்கள் தானுந்தின் உடலுக்கும் அதில் அமர்ந்திருப்போருக்கும் திடீர் இடிகளாகக் கடத்தப்படும் நிலையைக் குறிக்கும். உற்பத்தியாளர் பொருத்திய தொங்கல் அமைப்பை (பேச்சு வழக்கில் சஸ்பென்சன்) அகற்றிவிட்டு, சந்தையில் தனியே விற்கப்படும் சுருள்வில்களையும் அதிர்வுத் தணிப்பான்களையும் (ஷாக் அப்சார்பர்) பொருத்திய பின்னர் இந்நிலை பரவலாகக் காணப்படுகின்றது. புதிய சுருள்வில்லின் விறைப்பே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் தாழ்த்தப்பட்ட தானுந்துகளில் பெரும்பாலும் விறைப்பைவிட, சக்கரம் மேலெழுவதற்கு எஞ்சியுள்ள இடம் குறைந்துபோனதே முதன்மைக் காரணமாக உள்ளது. இவ்வேறுபாடு அறியப்படாததால், மென்மையான சுருள்வில்லை வாங்கிப் பொருத்தி, குலுக்கல் முன்னிலும் மோசமாவது உண்டு.

இயற்பியல் அடிப்படை

தானுந்தின் ஒவ்வொரு மூலையையும் ஒரு சுருள்வில்லின் மீது அமர்ந்த நிறையாகக் கொள்ளலாம். சுருள்வில் மாறிலியை நிறையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2π ஆல் வகுத்தால் இயல்பு அதிர்வெண் கிடைக்கும். சாதாரணப் பயணிகள் தானுந்துகளில் இது ஏறத்தாழ 1 முதல் 1.5 ஹெர்ட்சு வரையிலும், விரைவுத் தானுந்துகளில் 2 ஹெர்ட்சை ஒட்டியும் அமையும். மனித உடல் செங்குத்து அதிர்வுகளை மிகுதியாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்சு வரையிலான பகுதியில் ஆகும். எனவே 1.3 ஹெர்ட்சிலிருந்து 1.6 ஹெர்ட்சுக்கு உயர்த்தப்பட்ட தானுந்து இறுக்கமாகத் தோன்றுமேயன்றி, முதுகெலும்பில் இடிப்பதாகத் தோன்ற வேண்டியதில்லை.

இங்கு கணக்கில் கொள்ள வேண்டியது சக்கரத்தின் மையத்தில் உணரப்படும் மாறிலியே ஆகும். சுருள்வில் சக்கரத்தின் மீது நேரடியாக அமராமல், கரத்தின் நடுவில் நெம்புகோல் போல அமர்வதால், சக்கரத்தில் உணரப்படும் மாறிலி நெம்புகோல் விகிதத்தின் இருமடியால் குறைகின்றது. பெட்டியில் அச்சிடப்பட்ட எண்ணைக் கொண்டு இரு வேறு தானுந்துகளை ஒப்பிடுவதால் பயனில்லை.

முட்டுத்தாங்கியின் பங்கு

ஒவ்வொரு அதிர்வுத் தணிப்பானின் தண்டிலும் இரப்பரால் அல்லது நுண்துளைப் பாலியூரித்தேனால் ஆன ஒரு துண்டு செருகப்பட்டிருக்கும். இது பட்டறைகளில் பம்ப் ஸ்டாப் எனப்படுகின்றது. இக்கட்டுரையில் முட்டுத்தாங்கி எனக் குறிக்கப்படும். சக்கரம் தன் எல்லைவரை மேலெழும்போது உலோகம் உலோகத்தில் மோதாமல் காப்பது இதன் வேலை. இது அமுங்க அமுங்க விறைப்பு மிக விரைவாகக் கூடும். அசல் அமைப்பில் பெரிய பள்ளங்களிலும் கூர்மையான வளைவுகளிலும் மட்டுமே இதன் உதவி தேவைப்படும்.

தானுந்து தாழ்த்தப்பட்டவுடன் நிலைமை மாறுகின்றது. எடுத்துக்காட்டாக, ஒரு மூலையில் தாங்கப்படும் நிறை 220 கி.கி., சக்கரத்தில் உணரப்படும் மாறிலி ஒரு மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன், நிற்கும் நிலையிலிருந்து முட்டுத்தாங்கியைத் தொடும்வரை உள்ள ஏறு தொலைவு 50 மி.மீ. எனக் கொள்வோம். இயல்பு அதிர்வெண் சுமார் 1.27 ஹெர்ட்சு. இந்த 50 மி.மீ. தொலைவில் சுருள்வில் ஏற்கும் கூடுதல் ஆற்றல் 17.5 ஜூல் ஆகும். இப்போது தானுந்து 35 மி.மீ. தாழ்த்தப்பட்டு, மாறிலி 18 ஆக உயர்த்தப்படுகின்றது. எஞ்சியிருப்பது 15 மி.மீ. மட்டுமே. அத்தொலைவில் சுருள்வில் ஏற்பது ஏறத்தாழ 2 ஜூல். மீதமுள்ள 15 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலை முட்டுத்தாங்கி சில மில்லிமீட்டர்களுக்குள் விழுங்க வேண்டியுள்ளது. ஓட்டுநர் உணரும் இடி அதுவே.

முட்டுத்தாங்கியைத் தொடாமல் அதே ஆற்றலை அதே 15 மி.மீ. தொலைவில் ஏற்க வேண்டுமானால் மாறிலி ஏறத்தாழ 156 ஆக, அதாவது அசலைப்போல 11 மடங்காக இருக்க வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாது. மாறாக, தானுந்தைச் சற்று உயர்த்தியும் குட்டையான முட்டுத்தாங்கியைப் பொருத்தியும் ஏறு தொலைவு 40 மி.மீ. ஆக்கப்பட்டால், தேவையான மாறிலி 22 மட்டுமே, அதிர்வெண் 1.6 ஹெர்ட்சு. இக்கணக்கில் தணிப்பானின் பங்கு சேர்க்கப்படவில்லை என்றாலும், தொலைவு இருமடியாகக் கணக்கில் நுழைகின்றது என்பது இதனால் விளங்கும். 22 மாறிலியுடைய சுருள்வில், 18 மாறிலியுடையதைவிட மென்மையாக ஓடுவது இதனாலேயே.

இது சொகுசு மட்டும் சார்ந்தது அன்று. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் முட்டுத்தாங்கியில் அமர்ந்துவிட்டால், அம்மூலையின் விறைப்பு ஒரு நொடிக்குள் பன்மடங்காகி, டயரின் மீதான சுமை திடீரென ஏறி, பிடிமானம் குறையும். பின்சக்கரத்தில் இது நிகழ்ந்தால், ஈரச்சாலையில் தானுந்து பின்புறம் வழுக்கிச் சுழலக்கூடும்.

மஸ்தா எம்எக்ஸ்-5

1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிக்காகோ தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்தா எம்எக்ஸ்-5 (சப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர்) இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் அமைப்பைக் கொண்ட, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள இவ்விருவர் தானுந்தின் முதல் தலைமுறையில் ஏறு தொலைவு அசலாகவே குறைவு. தாழ்த்தும் சுருள்வில்களை மட்டும் வாங்கி, பழைய தணிப்பான்களுடன் பொருத்தியோர் பலர், ஓடும் நேரத்தின் பெரும்பகுதியை முட்டுத்தாங்கிகளின் மீதே கழித்தனர்.

1998இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையில், தணிப்பானின் மேல்முனையைப் பிடிக்கும் தாங்கி வேறு வடிவில் அமைந்தது. முட்டுத்தாங்கி உள்ளே அமிழ அதில் இடமிருந்ததால் ஏறு தொலைவு கூடியது. இம்மேல் தாங்கிகளை முதல் தலைமுறைத் தானுந்தில் பொருத்துவது அதன் உரிமையாளர்களிடையே வழக்கமான திருத்தமாயிற்று. விலை உயர்ந்த தணிப்பான்களால் தீராத குலுக்கல், உற்பத்தியாளரின் சொந்தப் பாகம் ஒன்றால் குறைந்தது என்பது கருதத்தக்கது.

கண்டறிதல்

முட்டுத்தாங்கியில் மோதுகின்றதா என்பதை அறிய எளிய வழி உண்டு. வெளியே தெரியும் தணிப்பான் தண்டில் ஒரு மெல்லிய நெகிழிக் கட்டுநாடாவை (கேபிள் டை) இறுக்கிக் கட்டி, அதனைத் தணிப்பானின் உடலைத் தொடுமாறு தள்ளிவிட வேண்டும். வழக்கமான சாலையில் ஓட்டிய பின், நாடா நகர்ந்துள்ள இடம் தண்டு எவ்வளவு உள்ளே சென்றது என்பதைக் காட்டும். அது முட்டுத்தாங்கிவரை தள்ளப்பட்டிருந்தால் ஐயமில்லை. தண்டு தூசியுறையால் மூடப்பட்டிருந்தால், உறையைத் தற்காலிகமாக உயர்த்திக்கொள்ளலாம்.

குலுக்கலின் தன்மையும் ஒரு குறிப்பைத் தரும். பெரிய மேடுகளில் மட்டும் "டொம்" என்ற ஒற்றை இடி எழுந்தால் அது முட்டுத்தாங்கி. சிறு பிளவுகளிலும் படபடவென்று இடைவிடாத நடுக்கம் இருந்தால், தணிப்பானின் அமைவு, டயரின் காற்றழுத்தம், தாழ்பக்க டயர் ஆகியவற்றை ஐயுறலாம். சக்கரம் கீழிறங்கும்போது "டக்" என்று கேட்டால், இறங்கு தொலைவு போதாமல் தண்டு வெளிப்புற எல்லையில் அடிபடுகின்றது.

திருத்தும் முறைகள்

செலவே இல்லாத திருத்தம் முதலில் செய்யத்தக்கது. கரங்களின் முனையில் உள்ள இரப்பர் புஷ்கள் பல தானுந்துகளில் உள், வெளி உருளைகளுடன் ஒட்டப்பட்டவை. அவை சுழல்வதில்லை, முறுகுகின்றன. தானுந்து தூக்கப்பட்டு, சக்கரம் தொங்கும் நிலையில் அவற்றின் மறையாணிகள் இறுக்கப்பட்டால், தரையில் இறங்கியதும் புஷ்கள் நிலையாக முறுகிய நிலையில் இருக்கும். அவை கூடுதல் சுருள்வில்லாகச் செயற்பட்டு விறைப்பைக் கூட்டுவதுடன், விரைவில் கிழிந்தும் போகும். மறையாணிகளைத் தளர்த்தி, தானுந்தின் எடை சக்கரங்களின் மீது நிற்கும் நிலையில் மீண்டும் இறுக்குவதே முறை. வேலையை விரைவில் முடிக்க விரும்பும் பட்டறைகளில் இது அடிக்கடி விடுபடுகின்றது.

அடுத்தது உயரம். உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் வகைகளில், சுருள்வில்லின் இருக்கையைத் திருகி ஏற்றினால் தானுந்து உயர்ந்து ஏறு தொலைவு கூடும். இருக்கையை ஏற்றுவதால் சுருள்வில் "விறைத்துவிடும்" என்ற கருத்து தவறானது. சீரான மாறிலியுடைய சுருள்வில்லின் மாறிலி அதனால் மாறுவதில்லை. தணிப்பானின் உடல் நீளத்தையே தனியாக மாற்றக்கூடிய வகைகளில் கணக்கு வேறு. அங்கு உயரத்தை உடலின் கீழ்ப்பகுதியில் மாற்றும்போது தண்டின் இயக்கம் குறைவதில்லை. ஆயினும் டயர் சக்கர வளைவின் உட்புறத்தில் உரசாத அளவே உண்மையான எல்லையாகும்.

முட்டுத்தாங்கியைக் குட்டையாக்குவது பயன்தரும். அறவே நீக்குவது ஆபத்தானது. நீக்கினால் தணிப்பானின் உந்து அடித்தட்டில் மோதி, உள்ளிருக்கும் தடுக்கிதழ்கள் சிதையும். சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மெதுவாக மேல் எல்லைவரை உயர்த்தி, எது முதலில் மோதுகின்றது என்று அளந்த பின்னரே எவ்வளவு குறைக்கலாம் என்பது முடிவாக வேண்டும். இவ்வேலையின்போது தானுந்து பளுதூக்கியின் மீது மட்டும் நிற்றல் கூடாது; உறுதியான தாங்குகால்கள் கட்டாயம்.

தணிப்பானின் திருகு கடைசியில் வருவது. ஒரே திருகு உடைய வகைகளில் அது பெரும்பாலும் தண்டு வெளிவரும்போது உள்ள தடையையே மாற்றுகின்றது. குலுக்குகின்றது என்பதற்காக அதனை மேலும் இறுக்கினால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் கீழிறங்க நேரமின்றி, தானுந்து படிப்படியாகத் தாழ்ந்து முட்டுத்தாங்கியில் அமரும். எனவே மிகத் தளர்ந்த அமைவில் தொடங்கி, தானுந்து மிதப்பது நிற்கும்வரை மட்டும் இறுக்குவது நன்று.

முன்பின் பொருத்தமும் கவனிக்கத்தக்கது. ரோல்ஸ்-ராய்சிலிருந்து 1930இல் கடிலாக் நிறுவனத்தில் சேர்ந்த பொறியாளர் மோரிஸ் ஆலி, முன்புறத்தைவிடப் பின்புறத்தின் அதிர்வெண் சற்று உயர்ந்திருந்தால் தானுந்து முன்னும் பின்னும் ஊசலாடுவது விரைவில் அடங்கும் என்பதைக் காட்டினார். மேட்டில் பின்சக்கரம் தாமதமாக ஏறினாலும், விரைவாக அலைந்து முன்புறத்துடன் சேர்ந்துகொள்கின்றது. முன்புறம் மட்டும் மிக விறைப்பாக்கப்பட்ட தொகுப்புகளில் இவ்வொழுங்கு குலைந்து, தலையை முன்னும் பின்னும் ஆட்டும் குலுக்கல் உண்டாகும்.

சுருள்வில்லை வெட்டுதல்

அசல் சுருள்வில்லின் ஒரு சுற்றை வெட்டித் தானுந்தைத் தாழ்த்தும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. மாறிலி, செயற்படும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 6 சுற்றுகளில் ஒன்று வெட்டப்பட்டால் விறைப்பு 20% மட்டுமே கூடும். ஏறு தொலைவு குறைவதோ அதைவிடப் பன்மடங்கு. மேலும் சக்கரம் முழுதாகக் கீழிறங்கும்போது குட்டையான சுருள்வில் தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடும். இதற்குத் திருத்தம் எதுவும் இல்லை. அதனை மாற்றுவதே வழி.

சட்ட நிலை

செருமனியில் வாகன அனுமதி விதிமுறைகளின் 19ஆம் பிரிவின்படி, சான்று பெறாத தொங்கல் அமைப்பு மாற்றம் வாகனத்தின் இயக்க அனுமதியையே இழக்கச் செய்யலாம். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்புகளிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது. 2019 சனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.