சதுரங்கப்பட்டினம் கை மாறிய கதை

புதுப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரான சதுரங்கப்பட்டினத்தைப் பலரும் 'கல்பாக்கம் பக்கத்துல ஒரு டச்சுக் கோட்டை' என்றுதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் எழுதியதில் இதைத் தேடணும்னா 'சட்ராஸ்' என்று தேடணும்.

17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. இப்போது மிச்சமிருப்பது செங்கல் கோட்டையும், டச்சு எழுத்து வெட்டிய கல்லறைகளும்.

எனக்குச் சுவாரசியம், இது ஒரு காலத்தில் பொது இடமாக இருந்தது. 1754 ஜனவரியில், கர்நாடகப் போருக்கு நடுவே, சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசக் கூடியது இங்கேதான். டச்சு ஊர் என்பதால் இரண்டு தரப்புக்கும் சம்மதம். பேச்சு மட்டும் படியவில்லை. அதே வருஷம் டூப்ளேயைப் பிரான்ஸுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

1780 டிசம்பரில் பிரிட்டன் டச்சுக்காரர் மீது போர் அறிவித்தது. அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டிய கடல் வணிகத் தகராறு அது. நம்ம கடற்கரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் 1781-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த பிப்ரவரி 17-ஆம் தேதி ஆங்கிலேய ஹியூஸும் பிரெஞ்சு சஃப்ரனும் கடலில் மோதிக்கொண்டார்கள். முடிவில்லாத அந்தச் சண்டைக்குப் பெயர் 'சட்ராஸ் போர்'. டச்சுக்காரர் அதில் இல்லவே இல்லை!

1818-ல் ஊர் மறுபடி டச்சுக்காரரிடம் வந்தது. 1824 மார்ச்சில் லண்டனில் போட்ட ஒப்பந்தப்படி, 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயருக்கு. சிங்கப்பூர் மீதான ஆட்சேபத்தை டச்சுக்காரர் கைவிட்டதும் அதே காகிதத்தில்தான்.