வெள்ளத்தில் மூழ்கிய டிராக்டர்: மின் பாகங்களைக் காப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஆற்றங்கரையிலும் தாழ்வான பகுதிகளிலும் நிறுத்தப்பட்டுள்ள டிராக்டர்கள் நீரில் மூழ்குவதுண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல ஊர்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளம் வடிந்ததும் பலரும் முதலில் செய்வது, சாவியைத் திருப்பி வண்டி கிளம்புகிறதா என்று பார்ப்பதுதான். தண்ணீரால் வராத கேடுகூட அந்த ஒரு திருப்பலில் வந்துவிடும். நனைந்த மின் பாகங்களுக்கு உலர்வதற்கு முன் மின்சாரம் கொடுக்கலாகாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான பாகங்களைக் காப்பாற்றிவிடலாம்.

தண்ணீர் எவ்வாறு கெடுக்கிறது?

வெள்ள நீரில் உப்பும் சேறும் கலந்திருக்கும். அதன் வழியே மின்சாரம் பாயும். பாட்டரி இணைப்பில் இருக்கும்போது, நனைந்த முனைகளுக்கிடையே மின்சாரம் கசிந்து செம்பை அரிக்கிறது. செம்புக் கம்பியில் காணும் பச்சைக் களிம்பு இதன் அடையாளமாகும். பலசரமாக முறுக்கிய வயரின் இழைகளுக்கு நடுவே நீர் ஏறி, உறைக்குள்ளேயே தங்கிவிடும். இதனால்தான் வெள்ளத்திற்குப் பின் நன்றாக ஓடிய வண்டி சில மாதங்கள் கழித்துத் திடீரென நின்றுவிடுகிறது. கடல்நீர் புகுந்த இடங்களில் இந்த அரிப்பு பன்மடங்கு விரைவாக நடைபெறும்.

சாவியை அணைத்திருந்தால் மின்சாரம் நின்றுவிட்டது என எண்ண வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளிலும், ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் வயரிலும் எப்போதும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

1. வண்டியைக் கிளப்ப முயல வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அமுக்க இயலாத அந்த நீரால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

2. பாட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றவும். பிறகு பிளஸ் முனையைக் கழற்றவும். பிளஸ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி எழும்.

3. நீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பதற்கான அடையாளத்துடன் வண்டியைப் படம் எடுத்து வைத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்திற்குத் தகவல் கொடுக்கவும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், மூழ்கிய வண்டியைக் கிளப்ப முயன்றதால் இயந்திரம் கெட்டதெனத் தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.

கழுவுதலும் உலர்த்துதலும்

நனைந்த பாகத்தை மீண்டும் கழுவுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சேற்றையும் உப்பையும் போக்காமல் உலர்த்தினால் அவை உள்ளேயே படிந்து, அடுத்த ஈரத்தில் மீண்டும் அரிக்கத் தொடங்கும். ஆகவே ஃபியூஸ் பெட்டி, விளக்குகள், வயர் இணைப்பான்கள் ஆகியவற்றைத் திறந்து நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவவும். வேகமாகப் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தக் கூடாது. பின்னர் நிழற்காற்றிலோ, மின்விசிறியின் முன்னோ இரண்டு மூன்று நாட்கள் உலரவிடவும். அடுப்பருகே வைத்து உலர்த்தினால் வயரின் உறை இளகிவிடும். களிம்பு பிடித்த முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இணைத்த பின் மேலே வாசலின் தடவவும். உறைக்குள்ளும் கறுத்துப்போன வயரை மாற்றிவிடுவதே சிக்கனம்.

ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லவும். கார்பன் பிரஷ்கள் நகரும் இடத்தில் சேறு தங்கியிருந்தால், வெளிப்புறம் எவ்வளவு உலர்ந்திருந்தாலும் மோட்டார் இயங்காது. சுருள்களைப் பெட்ரோலில் கழுவுவது ஆபத்தானது, தீப்பிடிக்கும்.

பாட்டரி

பாட்டரியின் வெளிப்புறத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கவும். அப்போது மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே போகலாகாது. நீர் மூடிக்கு மேல் நின்றிருந்தால் வெள்ள நீர் உள்ளே புகுந்து அமிலத்தை நீர்க்கச் செய்திருக்கும். சார்ஜ் செய்யும் கடையில் ஒவ்வொரு அறையையும் ஹைட்ரோமீட்டர் கொண்டு சோதிக்கச் சொல்லவும். முழுதும் சார்ஜ் ஆன நல்ல பாட்டரியில் அளவு ஏறக்குறைய 1.250 முதல் 1.280 வரை இருக்கும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்தப் பாட்டரியை நம்ப முடியாது. சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருமாதலால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

மின்சாரம் கொடுக்குமுன் ஒரு சோதனை

எல்லாப் பாகங்களும் உலர்ந்து பொருத்தப்பட்ட பின், சாவியையும் விளக்குகளையும் அணைத்து வைக்கவும். முதலில் பிளஸ் முனையை இணைக்கவும். மைனஸ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடுத்துப் பார்க்கவும். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ மின்கசிவு உள்ளது என்று பொருள். அந்நிலையில் கேபிளை மாட்டாமல், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும். எந்த ஃபியூஸை எடுக்கும்போது பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. எதை எடுத்தும் அணையாவிடில், ஃபியூஸ் இல்லாத ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வயர்களைச் சோதிக்க வேண்டும். பல்பு எரியாவிட்டால் மட்டும் மைனஸ் முனையை மாட்டி, விளக்கு, ஹாரன் என ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கவும். இயந்திர எண்ணெய், டீசல், காற்று வடிகட்டி ஆகியவற்றை மெக்கானிக் பார்த்து முடித்த பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று அறியலாம்.

மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள புதிய டிராக்டர்களிலும், கார், வேன் ஆகியவற்றிலும் அணைத்த நிலையிலும் சிறிதளவு மின்சாரம் ஓடும். பல்பு மங்கலாக எரிந்தால் அச்சம் வேண்டாம். ஆனால் அப்பெட்டியைத் தாமே திறக்காமல் பயிற்சி பெற்றவரிடம் விடுவது நலம்.

வருமுன் காத்தல்

வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மேட்டு நிலத்திற்குக் கொண்டு செல்லவும். அதற்கு வழியில்லையெனில் பாட்டரியையாவது கழற்றி வீட்டுப் பரண்மேல் வைக்கவும். மின்சாரம் இல்லாத வண்டி நீரில் மூழ்கினாலும், கழுவி உலர்த்தினால் அதன் வயர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு நட்டுகளைக் கழற்றும் இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். வெள்ளம் வடிந்து மறு உழவுக்கு நிலம் பதமாகும் வேளையில், டிராக்டர் பட்டறையில் கிடக்காமல் வயலில் இறங்க இது உதவும்.