செவிப்புலனற்ற மகவும் பெற்றோர் கடமையும்

உட்செவியிலே நத்தையோட்டின் வடிவிற் சுருண்டு கிடக்கும் உறுப்பு கொக்கிளியா எனப்படும். அதன்கண் உள்ள மயிர்க் கலங்களே ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுவன. அவை பழுதுற்றவிடத்து, செவிநரம்பை மின்வாய்களால் நேரே தூண்டுவது கொக்கிளியர் கருவி. பல்லாயிரங் கலங்களின் தொழிலை இருபதளவான மின்வாய்கள் முற்றும் நிறைவேற்றல் இயலாது. ஆகவே, சத்திரசிகிச்சை முடிந்தவுடன் பிள்ளை கேட்டுப் பேசும் என எண்ணுதல் தவறு. கேட்ட ஒலியைப் பொருளாகக் கொள்ள ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1990 இல், இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு இக்கருவி அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே அந்நாட்டுச் செவிப்புலனற்றோர் தேசிய சங்கம் அதனைக் கண்டித்தது. சைகைமொழி வழங்குவோர் தம்மை நோயாளர் எனக் கருதார். தமக்கென மொழியும் பண்பாடும் உடைய சமூகம் என்றே கருதுவர். அவர் நோக்கில், மகவின் இசைவின்றி அதனைக் கத்திக்கு உட்படுத்தல் அறமன்று. இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1880 இல் மிலான் நகரிற் கூடிய மாநாட்டின்பின் பல நாட்டுப் பாடசாலைகளில் சைகைமொழி விலக்கப்பட்டதை அச்சமூகம் மறந்திலது. 2000 இல் வெளிவந்த ‘சவுண்ட் அண்ட் ஃபியூரி’ என்னும் ஆவணப்படத்திலே, செவிப்புலனற்ற பெற்றோர் கருவியை விரும்பிய தம் சிறுமகளுக்கு அதனை மறுக்கின்றனர். மகள் தம்மைவிட்டு அயலாகிவிடுவாள் என்பதே அவர்தம் அச்சம்.

எனினும், பிள்ளை வளர்ந்து தானே தெரிவு செய்க என விடுதலும் ஒரு தெரிவே. பிறவியிலே கேளாத மகவின் மூளை, முதற் சில ஆண்டுகளில் ஒலியைப் பெறாதவிடத்து, பின்னர் அதனை ஏற்குந் திறன் பெரிதுங் குன்றும். மேற்கூறிய சிறுமியும் அவள் தாயும் பின்னர்க் கருவி பெற்றமையை 2006 இல் வந்த தொடர்ச்சிப் படம் காட்டுகின்றது. ஆயின், மழலைப் பருவம் அதற்குள் கழிந்துவிட்டது.

அமெரிக்காவிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். அப்பெற்றோர்க்குச் சைகைமொழி புதுமொழி; அதனைக் கற்பது சத்திரசிகிச்சைக்கு இசைவதினும் கடினம் போலும்! கருவி பயன்றருமா என்பது தெளியுமுன்னும் பிள்ளைக்கு மொழி வேண்டுமன்றோ? சைகை பேச்சைக் கெடுக்கும் என்பார் உளர். செவிப்புலனற்ற பெற்றோரிடம் சைகையோடு வளர்ந்து, இளமையிலே கருவியும் பெற்ற பிள்ளைகளை ஆராய்ந்தோர் அவ்வாறு கெடக் கண்டிலர். முன்னர்க் கண்டித்த அச்சங்கமும் 2000 இல் தன் நிலையைத் திருத்தி, பெற்றோரின் தெரிவுரிமையை ஏற்றது. பிள்ளைக்குச் சைகைமொழியும் வேண்டும் என்பதை மட்டும் விட்டிலது.