சீப்புக்கு அஞ்சும் சடைநாயைப் பராமரிக்கும் முறை

கமக்காரர்களே,

வண்ணாத்திவில்லுப் பகுதியில் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இராக்காவல் இன்றியமையாதது. கலா ஓயாவுக்கு அப்பால் 1938 ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்துக் காடு விரிந்து கிடக்கின்றது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் தோட்டத்தை நாடி வருகின்றன. அவற்றின் வரவை முதலில் அறிந்து உங்களுக்கு அறிவிப்பது உங்கள் நாயே. ஆகவே, மண்வெட்டியையும் நீர்ப்பம்பியையும் பேணுவதுபோல் அதனையும் பேணுதல் வேண்டும்.

பொமரேனியன், அல்சேசன் ஆகிய இனங்களின் கலப்பிற் பிறந்த சடைநாய்களைப் பலர் வளர்க்கின்றனர். இவற்றுட் சில சீப்பைக் கண்டதும் உறுமும். அல்லது ஓடி ஒளியும். “இதற்குக் குணம் சரியில்லை” என்று வீட்டார் அதனை விட்டுவிடுவர். இது தவறு. சீப்பைக் கண்டு நாய் சீறுவது குணக்கேடன்று. முன்னர் நொந்தது, அல்லது இப்போதும் நோகின்றது என்பதே அதன் பொருள்.

சிக்கு உண்டாகுங் காரணம்

சடைநாய்க்கு மேலே நீண்ட மயிரும் அடியில் பஞ்சுபோன்ற மென்மயிரும் உண்டு. உதிர்ந்த மென்மயிர் வெளியேறாமல் மேல்மயிருடன் பின்னிச் சிக்காகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் வரம்புகளிலே புல்லும் பூண்டும் முற்றும்போது, ஒட்டுப்புல்லின் விதையும் நாயுருவிக் காயும் மயிரிற் பற்றிக்கொள்ளும். சேற்றுநீர் பட்டு உலர்ந்தால் சிக்கு மேலும் இறுகும். காதின் பின்புறம், கக்கம், தொடையிடுக்கு, வாலின் அடி ஆகியனவே பெரும்பாலும் சிக்குப்படும் இடங்கள்.

இறுகிய சிக்கு தோலை ஓயாது இழுக்கும். நாய் நடக்குந்தோறும் அவ்விடம் நோகும். சிக்கின் அடியிற் காற்றுப் படாமையால் தோல் புழுங்கிப் புண்ணாகும். அப்புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைக்கும். உண்ணியும் தெள்ளும் அங்கேயே தங்கும். இந்நிலையில் சீப்பை வைத்து இழுத்தால் எந்த நாயும் கடிக்கவே முயலும்.

முதலில் நோவைத் தேடுக

சீப்பை எடுக்குமுன் கைவிரல்களால் உடல் முழுவதையும் மெதுவாகத் தடவிப் பார்க்குக. எவ்விடத்தில் நாய் உடலை விறைக்கின்றது, தலையைத் திருப்புகின்றது என்பதைக் கவனிக்குக. அவ்விடத்தில் மயிரை விலக்கிப் பார்த்தால் முள்ளோ உண்ணியோ புண்ணோ காணப்படலாம். விரலிடுக்குகளையும் காதுகளையும் பார்க்கத் தவறாதீர். காதினுள் புல்விதை புகுந்தால் நாய் தலையை ஒருபக்கம் சாய்த்து உதறிக்கொண்டேயிருக்கும்.

உண்ணியைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும்; விரலால் நசுக்கலாகாது. உண்ணி நாய்களுக்குக் கடுங்காய்ச்சலைப் பரப்பும். உணவு உண்ணாமை, முரசு வெளிறுதல், மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், புண்ணில் துர்நாற்றம் அல்லது புழு என்பவற்றைக் கண்டால் தாமதியாது கால்நடை வைத்திய அதிகாரியிடம் காட்டுக.

சீப்புக்குப் பழக்கும் முறை

1. மாலையில், வெயில் தணிந்தபின், காவலுக்குச் செல்லுமுன் இதனைச் செய்க. நாய் இளைத்துக்கொண்டிருக்கும்போது தொடங்கலாகாது.

2. முதல் மூன்று நாட்களும் சீவ வேண்டாம். சீப்பைக் காட்டி, உடனே அவித்த நெத்தலியொன்றைக் கொடுக்குக. சீப்பைக் கண்டால் நல்லது வரும் என்பதை நாய் அறியட்டும்.

3. அடுத்து, பல் அகன்ற சீப்பினால் முதுகிலோ தோளிலோ இரண்டு மூன்று முறை மட்டும் சீவி நிறுத்துக. நோவுள்ள இடத்தை இறுதிக்கு விடுக.

4. மயிரின் அடியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேல்நோக்கிச் செல்க. இழுப்பு கையிலே தங்கும், தோலைச் சென்றடையாது.

5. நாய் உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், காதை மடித்தல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல் ஆகியன பொறுமை குறைவதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் நிறுத்துக.

உறுமும் நாயை அடிக்கலாகாது. உறுமல் என்பது கடிக்குமுன் அது தரும் எச்சரிக்கை. அதற்காக அடிவாங்கிய நாய், மறுமுறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். வீட்டுச் சிறுவரிடம் இவ்வேலையை ஒப்படைத்தலும் தகாது.

நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதுமானது. கிழமைக்கொருமுறை ஒருமணி நேரம் போராடுவதிலும் இது சிறந்தது.

இறுகிய சிக்கை நீக்கல்

குளிப்பாட்டுமுன் சிக்கை எடுத்தல் வேண்டும். நனைந்த சிக்கு இறுகிவிடும். சிறிய சிக்கில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் தடவி விரலாற் பிரிக்குக. பிரியாததை வெட்ட நேர்ந்தால், சிக்குக்கும் தோலுக்குமிடையே சீப்பைச் செருகி, சீப்பின் மேற்புறத்தில் மட்டும் கத்தரிக்கோலைச் செலுத்துக. சிக்கினுள் தோல் இழுபட்டு மேலெழுந்திருக்கும்; சீப்பின்றி வெட்டினால் தோலே அறுபடும். சிக்கு தோலோடு ஒட்டியிருந்தால் வைத்தியரிடமே விடுக.

செய்யத்தகாதவை

மரக்கறிக்கு விசிறும் பூச்சிநாசினியை உண்ணிக்கெனப் பூசலாகாது. அது தோலினூடும், நாய் நக்கும்போது வாயினூடும் உட்சென்று உயிரைப் போக்கவல்லது. மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய் ஆகியனவும் அத்தகையனவே. நாய்க்குரிய மருந்தை வைத்தியரின் ஆலோசனைப்படி வாங்குக.

வெப்பத்துக்கு அஞ்சி மயிரை அடியோடு மழித்தலும் நன்றன்று. சிக்கற்ற மயிர் வெயிலிலிருந்து தோலைக் காக்கும். வாயைத் துணியால் நெடுநேரம் கட்டிவைத்தல் ஆபத்தானது. வாய்திறந்து இளைத்தே நாய் தன் உடலைக் குளிர்விக்கின்றது.

கடித்துவிட்டால்

நம் நாட்டில் விசர்நாய்க்கடி நோய்க்கென 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அந்நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிது. ஆயினும் உரிய காலத்தில் ஊசி ஏற்றினால் அதனைத் தடுக்கலாம். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. “நம் வீட்டு நாய்தானே” என்று வாளாவிருக்க வேண்டாம். நாயைக் கொல்லாது கட்டிவைத்து 14 நாட்கள் கண்காணிக்குக. ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்தல் உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் காவலாகும்.

கமக்காரர்களே, களை முளைத்த அன்றே பிடுங்கினால் விரலால் முடியும். முற்றவிட்டால் மண்வெட்டி வேண்டும். நாயின் சிக்கும் அவ்வாறே. இன்று மாலையே உங்கள் சடைநாயை அருகழைத்து, சீப்பின்றி வெறுங்கையாற் காதின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். நோவு எங்கே உளதென்பதை அதுவே உங்களுக்குக் காட்டும்.