நினைவும் பொறுப்பும்: ‘மிதக்கும் உலகின் ஓவியர்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

தன்மைக் கூற்றாக அமையும் நாவலைப் படிக்கும்போது கதைசொல்லியின் சொல்லை நாம் இயல்பாகவே நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கையையே சோதனைக்குள்ளாக்கும் நாவல்களுள் ஒன்று, கசுவோ இஷிகுரோ ஆங்கிலத்தில் எழுதி 1986 இல் வெளிவந்த ‘மிதக்கும் உலகின் ஓவியர்’. 1954 இல் நாகசாகியிற் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்து சென்ற இஷிகுரோ, 2017 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

நாவலின் நான்கு பகுதிகளும் 1948 ஒக்டோபருக்கும் 1950 யூனுக்கும் இடைப்பட்டவை. போரிலே தோற்று, அமெரிக்கப் படைகளின் ஆதிக்கத்துக்குட்பட்டிருந்த யப்பானே களம். கதைசொல்லி மசுஜி ஓனோ, ஓய்வுபெற்ற ஓவியர். ‘மிதக்கும் உலகம்’ எனப்பட்ட இரவுக் கேளிக்கை வாழ்வை வரைந்த தம் ஆசிரியரைப் பிரிந்து, ஏகாதிபத்தியப் படையெடுப்புக்குத் துணைநிற்கும் ஓவியங்களைப் படைத்தவர். போர் அவருடைய மனைவியையும் மகனையும் பலிகொண்டது. இப்போது இளைய மகள் நொரிகோவின் திருமணப் பேச்சு, கடந்த காலத்தை மீள்நோக்கும்படி அவரை நிர்ப்பந்திக்கிறது.

ஓனோ வெளிப்படையாகப் பொய் சொல்பவரல்லர். ஓர் உரையாடலைக் கூறியபின், சொற்கள் வேறாகவும் இருந்திருக்கலாம் என்பார். ஆசிரியர் தம்மிடம் கூறியதாகச் சொல்லும் வாசகம், தாமே தம் மாணவன் குரோடாவிடம் கூறியதாகவும் இருக்கலாம் என ஐயுறுகிறார். இத்தடுமாற்றம் அவர் சொல்லத் தயங்கும் ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது: தமக்கு இழைக்கப்பட்டதை அவர் மாணவனுக்கு இழைத்தார், அதற்கும் மேலே சென்றார். அவர் அதிகாரிகளுக்கு அளித்த தகவலால் குரோடா சிறைப்பட்டான். அவனது ஓவியங்கள் எரிக்கப்பட்டன. இச்செய்தி ஓரிடத்தில் முழுமையாக அன்றிச் சிதறிய துணுக்குகளாகவே நமக்குக் கிட்டுகிறது.

திருமணப் பேச்சுக்கான சந்திப்பில், மணமகன் வீட்டார் முன்னிலையில் ஓனோ தம் தவறுகளை ஒப்புக்கொள்கிறார். மனச்சாட்சி விழித்துவிட்டதென நாம் கருதுகிறோம். ஆனால் பின்னர் மூத்த மகள் செற்சுகோ, அவ்வுரை எவருக்கும் விளங்கவில்லை என்றும், தந்தையார் ஓவியர் மட்டுமே, பெருந்தவறெதுவும் இழைத்தவரல்லர் என்றும் கூறுகிறாள். அது ஆறுதல் மொழியா, உண்மையா என்பதை நாவல் தீர்த்துவைக்கவில்லை.

நாவலின் நுட்பம் இங்கேயே தங்கியுள்ளதெனலாம். நினைவு குற்றத்தை மறைப்பது யாவரும் அறிந்தது. குற்றத்தைப் பெரிதாக்கியும் அது தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதை இஷிகுரோ காட்டுகிறார். தேசத்தையே வழிதவறச் செய்தவன் என்பதிலும் ஒரு பெருமிதம் உண்டு. ஓனோவின் ஒப்புதல் நாட்டையும் மக்களையும் நோக்கிப் பொதுவாகச் செய்யப்படுகிறது. குரோடாவின் முன் நின்று அவர் அதனைச் செய்யவில்லை.

வரலாற்றைத் தனிமனித அகத்துள் ஒடுக்கிவிட்டது என இந்நாவலைக் குறைகூற இடமுண்டு. படையெடுப்புக்குள்ளான சீன மக்களின் குரல் இதிற் கேட்பதில்லை. எனினும் அம்மௌனம் ஓனோவின் நினைவெல்லையை அளந்து காட்டுவதாகவும் அமைகிறது. தம் வீட்டின் இழப்பையும் தம் புகழின் தேய்வையும் நினைவுகூரும் கலைஞர், தம் தூரிகை யாருக்கெதிராக இயங்கியது என்பதை நினைவுகூர்வதில்லை. கலைஞனின் சமூகப் பொறுப்புப் பற்றிப் பேசும் நாம், எவருக்குப் பொறுப்பு என்ற வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.