மரவள்ளியும் மரபணுவும்

நுழையும்முன்

ஒரே வயலில் ஒரே நாளில் நடப்பட்ட இரு செடிகளுள் ஒன்று நோயுற்று வாட, மற்றொன்று தழைத்து நிற்பது ஏன்? உழவர் கேட்கும் இவ்வினாவையே ஆய்வுக்கூடமும் கேட்கிறது. செடியின் உயிரணுக்களில் எந்த மரபணு எவ்வளவு செயற்படுகிறது என்பதை அளந்து விடை தேடும் முறைகளையும், அவ்விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

குச்சிக்கிழங்கும் தேமல் நோயும்

ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வயல்களில் மரவள்ளி மிகுதியாகப் பயிரிடப்படுகிறது. மக்கள் இதனைக் குச்சிக்கிழங்கு என வழங்குவர். இக்கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் சேலம் ஜவ்வரிசி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வயலில் உழைப்போர் முதல் சேகோ ஆலையில் பணிபுரிவோர் வரை பல குடும்பங்களின் வாழ்வு இப்பயிரைச் சார்ந்துள்ளது.

இப்பயிரின் பெரும்பகை தேமல் நோய். நோயுற்ற செடியின் இலைகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தோன்றும், இலைகள் சுருங்கி உருக்குலையும், கிழங்கு சிறுக்கும். இந்திய மரவள்ளித் தேமல் நச்சுயிரி, இலங்கை மரவள்ளித் தேமல் நச்சுயிரி என்னும் இரண்டும் இந்நோய்க்குக் காரணங்களாகும். வெள்ளை ஈக்கள் இவற்றைச் செடிக்குச் செடி பரப்புகின்றன. மரவள்ளி தண்டுக் கரணைகளால் நடப்படுவதால், நோயுற்ற செடியின் கரணை அடுத்த பருவத்திற்கும் நோயைக் கொண்டு செல்கிறது. நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே, நோயற்ற கரணையும் நோய்தாங்கும் இரகமுமே உழவருக்குத் துணை. ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், திருவனந்தபுரத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் மரவள்ளியில் ஆய்வு நிகழ்த்தி வருகின்றன.

நூலகமும் படிகளும்

ஒரு செடியின் இலையிலும் வேரிலும் உள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. அதனை ஒரு நூலகத்துக்கு ஒப்பிடலாம். நூல்கள் எங்கும் ஒன்றே. எந்த நூல் எத்தனை முறை படியெடுக்கப்படுகிறது என்பதே இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இங்கே நூல் என்பது மரபணு. படி என்பது தூதுவ ஆர்.என்.ஏ. நச்சுயிரி புகுந்ததும் சில மரபணுக்களின் படிகள் பெருகும். சிலவற்றின் படிகள் குறையும். இவ்வாறு இரு நிலைகளில் வெவ்வேறு அளவில் செயற்படுவனவற்றை வேறுபட்டு வெளிப்படும் மரபணுக்கள் என்பர்.

ஒப்பீட்டின் ஒழுங்கு

நோய்தாங்கும் இரகத்தையும் தாங்காத இரகத்தையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது; அவை நோயோடு தொடர்பற்ற பல பண்புகளிலும் வேறுபடும். ஆகவே, இவ்விரு இரகங்களையும் நோயுடனும் நோயின்றியும் வளர்த்து நான்கு குழுக்களை அமைப்பது முறை. குழுவுக்கு மூன்று செடிகள் எனினும் பன்னிரண்டு மாதிரிகள் தேவை. செடிகளின் வயது, இலையின் நிலை, பறிக்கும் நேரம் ஆகியன ஒத்திருத்தல் வேண்டும்.

பறித்த இலையை உடனே -196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் உறையச் செய்து பொடியாக்குவர். ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது, கைவியர்வையிலுள்ள நொதிகூட அதனை அழித்துவிடும். எனவே, கையுறை இன்றியமையாதது.

காணும் முறைகள்

ஆர்.என்.ஏ. நிலையற்றதாதலால் முதலில் அதனை டி.என்.ஏ. வடிவில் மாற்றுவர். 1970இல் கண்டறியப்பட்ட தலைகீழ்ப் படியெடுப்பு நொதி இதற்கு உதவுகிறது. 1992இல் லியாங், பார்டி ஆகிய இருவரும் வெளியிட்ட முறையில், இரு மாதிரிகளின் டி.என்.ஏ. துண்டுகளைக் கூழ்மப் பலகையில் அருகருகே ஓடவிட்டு, ஒன்றில் மட்டும் தோன்றும் பட்டைகளைத் தேடினர். 1995இல் மைக்ரோஅரே எனப்படும் நுண்வரிசை முறை அறிமுகமாயிற்று. கண்ணாடித் தகட்டில் பல மரபணுக்களின் துண்டுகளைப் புள்ளிகளாகப் பதித்து, ஒளிரும் சாயத்தால் படிகளின் அளவை ஒரே நேரத்தில் காண இது வழிசெய்தது.

இன்று பெரிதும் கையாளப்படுவது ஆர்.என்.ஏ. வரிசையறிதல். இலையிலுள்ள படிகளைச் சிறு துண்டுகளாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளின் எழுத்து வரிசையைக் கருவி படிக்கிறது. ஒவ்வொரு துண்டும் எந்த மரபணுவுக்கு உரியது எனக் கணினி பொருத்தி எண்ணுகிறது.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடலாகாது. ஒரு மாதிரியில் 2 கோடித் துண்டுகளும் மற்றொன்றில் 3 கோடித் துண்டுகளும் படிக்கப்பட்டிருப்பின், முதலாவதில் 200 முறையும் அடுத்ததில் 300 முறையும் தோன்றும் மரபணு உண்மையில் ஒரே அளவிலேயே செயற்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

மரவள்ளியில் சுமார் 30,000 மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நூற்றுக்கு ஐந்து தவறு நேரலாம் என்ற அளவுகோலில் சோதித்தால், எதிலும் உண்மையான வேறுபாடு இல்லாதபோதும் 1,500 மரபணுக்கள் வேறுபட்டவைபோலத் தோன்றும். ஆகவே, புள்ளியியல் திருத்தம் கட்டாயமாகிறது.

தடயமும் காரணமும்

கிடைத்த பட்டியலிலிருந்து சில மரபணுக்களைத் தேர்ந்து, பாலிமரேஸ் தொடர்வினையால் மீண்டும் அளந்து உறுதி செய்வர். இதில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. ஏறத்தாழ இருமடங்காகிறது. எனவே, மூன்று சுற்றுக்கு முன்னரே ஒளி தோன்றிய மாதிரியில் படிகள் ஏறக்குறைய எட்டு மடங்கு உள்ளன எனக் கொள்ளலாம்.

உறுதியான பின்னரும் ஒரு வினா எஞ்சும்: மாறிய மரபணு நோயைத் தடுத்ததா, அல்லது நோயால் மாறியதா? காய்ச்சலில் உடல் சுடுவதால் சூடே நோயின் காரணம் ஆகிவிடாது.

ஆப்பிரிக்க மரவள்ளி இரகங்கள் பலவற்றில் உள்ள ஒருவகை நோய்தாங்கும் திறனைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. தேமல் நச்சுயிரிக்கு டி.என்.ஏ.வைப் பெருக்கும் சொந்த நொதி இல்லை. செடியின் நொதியைக் கொண்டே அது பெருகுகிறது. அந்நொதிக்குரிய மரபணுவில் நேர்ந்த எழுத்து மாற்றங்கள் நோய்தாங்கும் திறனோடு சேர்ந்தே வழிவழி வருவதை ஆய்வாளர்கள் கண்டனர். இத்தகைய எழுத்து மாற்றம், படிகளின் எண்ணிக்கை மாறாமலும் நிகழக்கூடும். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவோர் அதனைக் காணாது கடந்துவிடலாம்.

ஆகவே, வேறுபட்டு வெளிப்படும் மரபணுக்களின் பட்டியல் ஆய்வின் தொடக்கமே ஆகும். அதிலுள்ள மரபணுவை அடக்கியும் பெருக்கியும் பார்த்து, கலப்பினச் சந்ததிகளில் தொடர்ந்து, இறுதியில் வயலில் நட்டுச் சோதித்த பின்னரே உழவரிடம் ஒரு கரணையை நம்பிக் கொடுக்க முடியும். தவறாகத் தேர்ந்த ஒரு மரபணுவின் விலையை ஓர் ஆண்டு விளைச்சலால் செலுத்துபவர் அவரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் விளையும் பயிர் ஒன்றைத் தாக்கும் நோயின் அறிகுறிகளை உழவரிடம் கேட்டுத் தொகுத்து எழுதுக.
2. ‘தடயம் வேறு, காரணம் வேறு’ என்பதை அன்றாட வாழ்வின் எடுத்துக்காட்டு ஒன்றால் வகுப்பில் விளக்குக.
3. பாடத்தில் இடம்பெற்ற அறிவியல் கலைச்சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதுக.